ஐஸ் அக்கா கேட்டு வாங்கிய கதை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. கேட்டு வாங்கப்பட்டது. கேட்டவர் ஒரு குளிர்பதனக் கிடங்கின் மேற்பார்வையாளர். பெட்டி தூக்குகிறவர்களிலிருந்து முதலாளிவரை எல்லாரும் அவரை ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருடைய கணவர் என் புத்தகங்கள் வெளிவரும் பதிப்பகத்தில் புரூஃப் பார்ப்பவர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: பூதக்கண்ணாடி. ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தாலும் அடுத்த தெருவிலிருந்தே மோப்பம் பிடித்துவிடுவார் என்று பதிப்பகத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அவரிடம் மாட்டிக்கொண்ட எழுத்தாளர்கள் அதையே வேறு குரலில் சொல்வார்கள்.

ஆக, இதை எழுதி முடித்ததும் முதலில் படிக்கப்போகிறவர் இந்தக் கதையின் நாயகன். அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன். வாக்கியங்கள் அங்கங்கே கால் கூசி நடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மத்தியான வேளையில் அக்கா என் வீட்டுக்கு வந்தார். கொடுத்த டீயைத் தொடவில்லை.

"தம்பி, எங்க வீட்டுக்காரரப் பத்தி நீங்க ஒரு கதை எழுதணும். அவருக்குத் தெரியாம."

"புரூஃப் அவருதானேக்கா பாக்கப் போறாரு? தெரியாம எப்படி?"

"எழுதுற வரைக்கும் தெரியக் கூடாது. படிக்கிறப்போ தெரியணும்."

விஷயம் இதுதான். அவர்களுடைய மகளுக்கு மலைமேல் பிரசவம். இருவரும் போவதாக இருக்கிறது. கணவர் வந்தால் உயிரோடு திரும்பமாட்டாரோ என்று அக்காவுக்குப் பயம். வராதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"நேராவே சொல்லிடுங்களேன்."

"நான் வாயால சொன்ன எத அவரு நம்பியிருக்காரு? அச்சுல இருந்தா ரெண்டு தடவ படிப்பாரு." ஆறிப்போன டீயை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அதோட, சொல்லிட்டா அப்புறம் நானும் ஒரு முடிவு எடுக்கணும்ல தம்பி."

இரண்டாவதாகச் சொன்ன காரணத்துக்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"விமானத்தின் ஜன்னலுக்குக் கீழே மலைகள் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடந்தன. அவள் கணவனின் கையை"

நிறுத்திவிட்டேன். நான் மலைக்குப் போனதில்லை. பனியைத் தொட்டதில்லை. பொய்யாக ஒரு பனிமலையைக் கட்டினால் பூதக்கண்ணாடி ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். அதற்கு என்னிடம் பதில் இருக்காது.

"குளிர்காலத்தில் உயரமான மலைப்பகுதிகளுக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியவை பல."

இது பயண ஏஜென்சிக்காரர்கள் வாசலில் நின்று கொடுக்கும் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

"செருப்புக் கடையில் அவர் ஒரே கால்மணி நேரத்தில் நான்கு ஜோடி பூட்ஸ்களைக் கழற்றிப் போட்டார்."

இது நடந்தது. இதை வைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் இப்போதே தெரிந்துவிட்டது: இந்தக் கதை மலைக்குப் போகாது. கிளம்புகிறவரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

[இனி கதைக்குள் அக்காவை "அவள்" என்றே எழுதப்போகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. ஒரே வரியில் இரண்டு "அவர்" வந்தால் யார் பூட்ஸ் போட்டார்கள், யார் காசு கொடுத்தார்கள் என்று வாசகர் திண்டாடுவார்.]

3

மகள் ஒரு மலை நகரத்துச் சிறிய மருத்துவமனையில் நர்ஸ். மருமகன் அதே ஊரில் சாலைப் பனியை அள்ளும் வண்டி ஓட்டுகிறவர். இலையுதிர் காலத்திலேயே கீழே வந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த மகள், மருத்துவமனையில் ஆள் இல்லை, இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் பனி விழுந்து சாலையை மூடிவிட்டார்கள். மாதம் ஏறிவிட்டதால் இனி விமானமும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் இறங்க முடியாது. அம்மா அப்பாதான் ஏற வேண்டும்.

செருப்புக் கடையில் கணவர் எல்லா பூட்ஸையும் கச்சிதமாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். அவருக்கு எதுவும் கச்சிதமாக இருக்க வேண்டும். அவள் கடைக்காரரிடம் ஒரு சைஸ் பெரியது கேட்டாள்.

"பெருசு எதுக்கு? கால் உள்ள டான்ஸ் ஆடும்."

"கம்பளி சாக்ஸ் ரெண்டு போடணும்ங்க. இறுக்கிப் பிடிச்சா ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடலைன்னா விரல் முதல்ல போயிடும். எங்க ஆளுங்களுக்கு நான் தினமும் சொல்றதுதான்."

இந்த இடத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. இருக்காதா? வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மைனஸ் டிகிரியில் போய்வருகிறவள். மீன் பெட்டியைத் தொட்டே எவ்வளவு நேரம் வெளியில் கிடந்தது என்று சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மலைக் குளிரைப் பற்றிப் பயமுறுத்தியபோது, "குளிர் எனக்குக் கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி" என்று சிரித்தாள்.

மகள் ஃபோனில் தினமும் பாடம் எடுத்தாள். ஒரே தடிச் சட்டை வேண்டாம், மெல்லியதாக மூன்று அடுக்கு. ஃபோனை உள்சட்டைப் பையில் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும். வந்து இறங்கியதும் இரண்டு நாளைக்குப் படுக்கைதான்; பெட்டியைக்கூடத் தூக்கக் கூடாது. தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"ஏண்டி, குளிரப் பத்தி எனக்கே கிளாஸ் எடுக்கிறியா?"

"அம்மா, இங்க குளிர் ஒரு பிரச்சினையே இல்ல. காத்துதான் பிரச்சினை. மூச்சு பத்தாது. அப்பாவ ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வா."

"உன் கிடங்குல குளிருச்சுன்னா என்ன பண்ணுவ, கதவத் திறந்துட்டு வெளிய வந்துடுவ. இங்க கதவே கிடையாதும்மா" என்றும் சொன்னாள். அம்மா அதை ஒரு காதில் வாங்கினாள். குழந்தைக்குத் தொப்பி வாங்கவில்லையே என்ற நினைப்பு இன்னொரு காதை அடைத்துக்கொண்டிருந்தது.

அவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். "ஒண்ணும் இல்லைன்னுட்டாரு" என்றார். அவள் அதோடு விட்டுவிட்டாள்.

4

அடுத்து வருவதை நான் கற்பனையில் எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்பேன். ஒரு மனைவி, கணவனை மலைக்குப் பழக்குவதற்காக உறைபதன அறைக்குள் கூட்டிக்கொண்டு போகிறாள். அவளுக்கு அது மிகச் சாதாரணமான யோசனை. நீச்சல் தெரியாதவனை முதலில் தொட்டியில் இறக்குவதில்லையா என்று என்னிடமே கேட்டாள்.

லாரி வராத நாளாகப் பார்த்து மேனேஜரிடம் சொல்லிவைத்தாள். தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது என்பது கிடங்கின் சட்டம், கதவருகே ஒரு ஆள் நின்றார். கணவருக்கு உள்ளாடை, கம்பளிச் சட்டை, மேல் கோட்டு, காதை மூடும் தொப்பி எல்லாவற்றையும் அவளே மாட்டிவிட்டாள். அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பள்ளிக்கூட நாடகத்தில் கரடி வேஷம் போட்ட பையன் மாதிரி நின்றார்.

"மூச்சு விட்டுப் பாருங்க."

விட்டார். புகை போனது. அவருக்கு அது பிடித்துப்போய் இன்னொரு தடவை விட்டார். "இதுக்கா இவ்வளவு பில்டப்பு? எங்க ஆபீஸ் ஏசியே இதவிட ஆட்டும்."

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. விரல்களை மடக்கச் சொன்னாள், மடக்கினார். மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருந்தது. குளிருக்கு ஆள் பாஸ். கோட்டு போட்டுக்கொண்டு நடமாட வருகிறதா என்று பார்க்க வேண்டாமா? ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்து, இரும்புப் படியேறி மேல் தட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னாள்.

பாதிப் படியில் ஒரு திருப்பம் உண்டு. நிற்கக் கொஞ்சம் இடம், சுவரில் ஒரு எச்சரிக்கைப் பலகை. அவர் அங்கே நின்றார். பெட்டியைக் கம்பிமேல் சாய்த்துக்கொண்டு பலகையைப் படிக்க ஆரம்பித்தார்.

இதில் அவளுக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாள். எழுத்து கண்ணில் பட்டால் அவர் நிற்பார். போன மழைக்காலத்திலிருந்து அது கொஞ்சம் அதிகமாகியிருந்தது. ஆஸ்பத்திரி மாடிப்படித் திருப்பத்தில் நின்று தடுப்பூசிப் போஸ்டர் படிப்பார். குடியிருப்பின் மாடிப்படியில் தண்ணீர் வரி நோட்டீஸ் படிப்பார். "படிச்சது போதும், வாங்க" என்று அவள் மேலே நின்று கூப்பிட்டிருக்கிறாள். வயதாக ஆக மனுஷனுக்குத் தொழில் கிறுக்கு முற்றுகிறது என்று மகளிடம் கேலிகூடச் செய்திருக்கிறாள்.

அவள் கீழேயிருந்து பலகையைப் பார்த்தாள்.

பலகையில் எழுத்தே இல்லை. குளிர்விப்பான் விசிறிக்கு நேரே இருப்பதால் அதன்மேல் எப்போதும் உறைபனி படிந்துவிடும். வாரத்துக்கு ஒரு தடவை சுரண்டிவிடுவார்கள், அந்த வாரம் சுரண்டவில்லை. வெள்ளையாக ஒரு சதுரம், அவ்வளவுதான். அதன் எதிரே நின்று அவர் வரிவரியாகத் தலையை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தது. கீழே நின்றபோது வந்த மாதிரி இல்லை. ஒன்று கலைவதற்குள் அடுத்தது வந்தது.

எத்தனை மாடிப்படிகள், எத்தனை நோட்டீஸ்கள் என்று அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. இந்த போர்டுல ரெண்டு தப்பு இருக்கு" என்றார் அவர், மூச்சை ஒளித்துக்கொண்டு.

அவள் வெப்பமானியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. குளிரில் எல்லாருக்கும் வரும் தண்ணீர்தான் என்று சொல்லிக்கொள்ள அந்த அறையில் வசதி இருந்தது.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அக்கா மட்டும் சொன்னதை நம்பி ஒரு மனிதரைப் பொய்யராக்கலாமா?

எங்கள் பதிப்பகம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. ஒருநாள் காலையில் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில், மின்சார மீட்டர் பெட்டிமேல் ஒட்டிய நோட்டீஸ் எதிரே நின்றார். நாங்கள் எல்லாரும் தினமும் பார்த்துச் சலித்த நோட்டீஸ். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தார். நான் கீழேயே நின்றேன். போய்த் தோளைப் பிடித்திருக்கலாம். "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கலாம். அவர் மேலே போய்ச் சேரும்வரை என் செருப்புச் சத்தம் கேட்காமல் நின்றதுதான் நான் செய்தது. அக்காவுக்கு ஏன் வாய் வரவில்லை என்பது அப்போது புரிந்தது.

அடுத்த சந்தேகம் அதைவிடப் பெரியது: அவர் ஏன் மறைக்கிறார்? வீம்பு என்றுதான் முதல் பிரதியில் எழுதினேன். அக்கா படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வீம்பு இல்ல தம்பி. தான் வரலைன்னா நான் போக மாட்டேன்னு நினைக்கிறாரு. நான் தனியா பக்கத்து ஊருக்குக்கூடப் போனதில்ல. நான் போகலைன்னா பொண்ணு அங்க தனியா கிடப்பா. அதான் மூச்ச முழுங்கிட்டு வர்றாரு."

"நீங்க தனியாப் போவீங்களாக்கா?"

"அதத்தான் என்கிட்ட யாரும் கேட்கக் கூடாதுன்னு இருந்தேன்."

பிறகு கோபத்தோடு சொன்னார்: "பயமாத்தான் இருக்கு. பொண்ணு கத்துறப்போ பக்கத்துல இவரு இருந்தா எனக்குத் தைரியம். இவரு படியில விழுந்தா யாரு தைரியம்? நீங்களே சொல்லுங்க."

நான் என்ன சொல்ல? கதையில் வரும் ஆட்களுக்கு வேண்டுமானால் ஏதாவது சொல்லலாம்.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) இருவரும் போகிறார்கள். இரண்டு நாள் படுத்தே இருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. பேத்தி பிறக்கிறாள். அவர் பேத்தியின் கையில் கட்டியிருக்கும் மருத்துவமனைப் பட்டையை இரண்டு தடவை படித்துப் பார்க்கிறார். — எழுதும்போதே இனித்தது. அதனாலேயே பயமாகவும் இருந்தது. இதைப் படித்துவிட்டு, "கதையிலயே ஒண்ணும் ஆகலையே" என்று அவர் கிளம்பிவிட்டால்?

(ஆ) இருவரும் போகிறார்கள். முதல் ராத்திரி அவருக்கு இருமல் வருகிறது. மகள் எழுந்து வந்து அப்பாவின் நீலம் பாய்ந்த உதட்டைப் பார்க்கிறாள். அவள் நர்ஸ், பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. நிறைமாத வயிற்றோடு பனியில் ஆக்ஸிஜன் சிலிண்டரை

முடியவில்லை. இதைப் படித்துவிட்டு அக்கா என்னை மன்னிக்கலாம். என் பேனா மன்னிக்கவில்லை.

(இ) அவர் தங்கிவிடுகிறார். விமான நிலையத்தில் அவளுடைய தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டு, "நீ போ, நான் ஃபோன்ல இருக்கேன்" என்கிறார். அவள் திரும்பிப் பார்க்காமல் போகிறாள்.

மூன்றாவதுதான் நல்ல முடிவு என்று பதிப்பாசிரியர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அது நான் வாங்கிக் கொடுக்கும் டிக்கெட். அவர்களுடைய வீட்டில், அவர்களுடைய வாயிலிருந்து வரவேண்டிய வார்த்தையை நான் எழுதி நீட்டுவது எந்த ஊர் நியாயம்? அக்கா கேட்டது ஒரு கதை. முடிவையும் சேர்த்தா கேட்டார்?

7

ஐயா, இந்தப் பகுதி உங்களுக்கு. மற்ற வாசகர்கள் வேண்டுமானால் கூட நின்று படிக்கட்டும்.

இது யாரைப் பற்றியது என்று முதல் பகுதியிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் இதுவரை வந்துவிட்டீர்கள், பாதியில் வைத்துவிட்டுப் போகிற பழக்கம் உங்களுக்கு இல்லை. கோபம் இருந்தால் என்மேல் காட்டுங்கள். அக்கா சொன்னது முக்கால்வாசி, மீதியை நான்தான் பூசி மெழுகினேன். எங்கே தவறாக எழுதியிருக்கிறேனோ அங்கே வழக்கம்போல் ஓரத்தில் திருத்துங்கள். கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். முடிவை நீங்களே எழுதலாம். எழுதாமலும் விடலாம். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் இதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

.

.

.

8

புரூஃப் திரும்பி வந்துவிட்டது. என் மேஜைமேல் வைத்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள்.

வழக்கமாக என் பக்கங்கள் சிவப்பு மையில் குளித்துவிட்டு வரும். இந்தத் தடவை திருத்தம் மிகக் குறைவு. அவற்றை உள்ளே சேர்க்க வேண்டாம் என்று அச்சுக் கோப்பவரிடம் சொல்லிவிட்டேன். இங்கேயே தருகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் பகுதியில் "போன மழைக்காலத்திலிருந்து" என்ற இடத்தை அடித்துவிட்டு, தன் பொடி எழுத்தில்: "அதற்கும் முந்தைய கோடையிலிருந்து."

மூன்றாம் பகுதியில் "அவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்" என்ற வரிக்கு எதிரே: "வாசல்வரை போனார். உள்ளே போகவில்லை."

ஐந்தாம் பகுதியில், "நான் தனியா பக்கத்து ஊருக்குக்கூடப் போனதில்ல" என்று அக்கா சொல்கிற வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதையும் பிறகு அடித்திருந்தார்.

மூன்று முடிவுகளையும் தொடவில்லை. ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

ஏழாம் பகுதியில் நான் விட்டிருந்த இடத்தைக் கடைசியாகத்தான் பார்த்தேன். இப்படி எழுதியிருந்தார்:

"இந்த இடம் போதாது. வீட்டில் பேசிக்கொள்கிறோம்."

கீழே வழக்கமான கையெழுத்து, அச்சுக்கு அனுப்பலாம் என்ற குறிப்போடு.

அவர்கள் வீடு என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். போனால் விளக்கு எரிகிறதா என்றாவது தெரிந்திருக்கும். நான் போகவில்லை. நீங்களும் போகாதீர்கள்.